மறு: கான்டாக்ட் பாயிண்டுக்கு தமிழ்ல என்ன பேரு – 'விடுமுனை' சரியா வருமா?

எல்லாருக்கும் வணக்கம்,

பழைய கார் ரிப்பேருக்கு நாம எழுதற உதவிப் பக்கத்துல பாகங்களுக்கு தமிழ்ல என்ன பேரு வைக்கறதுன்னு ஓடற இந்த இழைய ரெண்டு நாளா படிச்சிட்டே இருக்கேன், பதில் போடணும் போடணும்னு தள்ளிப்போயிடுச்சு, இப்ப கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

> இக்னிஷன் = எரியூட்டல், கான்டாக்ட் பிரேக்கர் = தொடர்பு முறிப்பான். இதோட முடிச்சுக்கலாமா?

இல்லீங்க, ரெண்டுமே எனக்கு ஒப்பல. இக்னிஷன்னா இஞ்சினுக்குள்ள பெட்ரோல பொறியால பத்தவைக்கறது. எரியூட்டல்ங்கற சொல் பேப்பர்ல எங்க வருதுன்னு பாருங்க, "உடல் மின்மயானத்தில் எரியூட்டப்பட்டது"ன்னு வருது. வண்டி கிளம்பலன்னு நடுரோட்டுல நிக்கறவரு படிக்கிற பக்கத்துல அந்த சொல்ல போட மனசு வரல. இலங்கைப் பாடப்புத்தகத்துல எரிபற்றுநிலைன்னு ஒரு சொல் இருக்கு, ஒரு பொருள் தானா தீப்பிடிக்கிற சூட்டுக்கு. அந்த பற்றுதான் நம்ம வாயில தெனமும் "பத்திக்கிச்சு"ன்னு வருது. அதனால இக்னிஷனுக்கு எரிபற்று, காயிலுக்கு, அதாவது பேட்டரியோட 12 வோல்ட்ட பிளக்குக்கு வேண்டிய பெரிய வோல்ட்டா ஏத்தற சுருளுக்கு, எரிபற்றுச் சுருள். இதுல பெருசா சண்டை வராதுன்னு நெனைக்கிறேன்.

கண்டன்சர் பத்தி ஒருத்தர் கேட்டிருந்தீங்க. அது பேருக்குத்தான் கண்டன்சர், வேலையில கெப்பாசிட்டர், அதுக்கு மின்தேக்கின்னு பள்ளிக்கூடத்துலயே படிச்சிட்டோம். ஏசி கண்டன்சருக்கு போடற சொல்ல தூக்கி இங்க வெச்சிடாதீங்க, அது வேற சாமான்.

இப்ப விஷயத்துக்கு வரேன். பாயிண்ட், அதாவது மேல சொன்ன கான்டாக்ட் பிரேக்கர். அம்பாசடர், பத்மினி, முதல்ல வந்த மாருதி 800 வரைக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் (ஒவ்வொரு பிளக்குக்கும் முறை வெச்சு கரண்ட பிரிச்சு அனுப்பற சாமான்) மூடிய கழட்டினா உள்ள இருக்குமே, ரெண்டு சின்ன டங்ஸ்டன் பொட்டு, ஒண்ணு அசையாம, இன்னொண்ணு ஒரு ஸ்பிரிங் கை மேல, அதுதான். தொடர்பு முறிப்பான்னு சொன்னா அகராதிப்படி தப்பு ஒண்ணும் இல்ல, ஆனா படிக்கறவருக்கு அந்த சாமான் என்ன பண்ணுதுன்னு மனசுல ஒண்ணும் தோணாது. எனக்கு இந்த சொல்லு மேல ஏன் இவ்வளவு அக்கறைன்னா, அது என்ன பண்ணுதுன்னு தெரியாததால நான் காச விட்டிருப்பேன்.

மூணு வருஷம் முன்னாடி நடந்தது. அப்பாவோட பழைய கார், 84 மாடல். காலையில ஒரே செல்ஃப்ல கிளம்பும், இருபது நிமிஷம் ஓடும், அப்புறம் இருமும், இழுவை போயிடும், நின்னுடும், அரை மணி நேரம் ஆறவிட்டா ஒண்ணுமே நடக்காத மாதிரி திரும்ப கிளம்பும். திண்டிவனம் தாண்டி அப்படி நின்னப்போ பக்கத்துல ஒரு ஒர்க்‌ஷாப்புல கொண்டுபோய் விட்டோம், காயில், டிஸ்ட்ரிபியூட்டர் மொத்தமா மாத்தணும், ஏழெட்டாயிரம் ஆகும்னாங்க. எப்படியோ ஆறவிட்டு ஆறவிட்டு ஊர் வந்து சேந்தோம். எங்க தெருவுல ஒரு பெரியவர், அம்பாசடர் காலத்து மெக்கானிக், சாயங்காலமா வந்தாரு. இஞ்சின கொஞ்சம் ஓடவிட்டு சூடாக்கிட்டு நிறுத்தினாரு, மூடிய கழட்டினாரு, பாயிண்ட் சேந்து நிக்கற மாதிரி இஞ்சின திருப்பி வெச்சாரு. காயில்ல இருந்து வர்ற நடு ஒயர மூடியில இருந்து உருவி அதோட முனைய இஞ்சின் இரும்புக்கு கால் இஞ்ச் தள்ளி நிக்க வெச்சாரு, கைல பிடிக்கல, ஷாக் தூக்கிப்போடும். "தம்பி, லைட்ட அணைங்க"ன்னாரு. கீய ஆன் பண்ணச் சொல்லிட்டு ஒரு ஸ்க்ரூ டிரைவரால பாயிண்ட் கைய நெம்பி நெம்பி விட்டாரு. இருட்டுல பளிச்சுனு தெரிஞ்சுது, பாயிண்டுக்கு நடுவுலயே தடிமனா ஒரு நீல வெளிச்சம், அந்த ஒயர் முனையில வந்த பொறியோ மஞ்சளா, நூல் மாதிரி, வரலாமா வேண்டாமான்னு. "பாருங்க, பாயிண்ட் விட மாட்டேங்குது, கண்டன்சர் போச்சு"ன்னாரு. கண்டன்சரையும் பாயிண்டையும் சேத்து மாத்தினோம், முன்னூறு ரூபா கூட ஆகல.

அவரு சொன்ன "விட மாட்டேங்குது", அதுதாங்க சொல்லு. ஏன்னு சொல்றேன். பாயிண்ட் ரெண்டும் சேரும்போது பிளக்ல பொறி வரும்னுதான் நெறைய பேரு நெனைக்கிறோம், நானும் நெனச்சேன். அப்படி இல்ல. சேந்திருக்கும்போது காயிலுக்குள்ள 12 வோல்ட் கரண்ட் ஓடி காந்தபுலம் சேருது, அவ்வளவுதான். டிஸ்ட்ரிபியூட்டர் நடுவுல சுத்தற தண்டுல இருக்கற கேம் மேடு வந்து பாயிண்ட தள்ளி விடுதே, அந்த நொடிதான் புலம் சரிஞ்சு பதினஞ்சாயிரம் இருவதாயிரம் வோல்ட்டா பிளக்குக்கு பாயுது. சேர்றது காத்திருக்கறதுக்கு, விடறதுதான் வேலை. நாலு சிலிண்டர் இஞ்சின் 3000 சுத்துல ஓடினா நிமிஷத்துக்கு 6000 தடவை விடணும், நொடிக்கு நூறு. கண்டன்சர் எதுக்குன்னா, விடும்போது கரண்ட் பாயிண்ட் இடுக்குலயே தாவிடாம அத தான் வாங்கி வெச்சுக்கிட்டு, வெட்டுனா வெட்டு மாதிரி விட வைக்கும். அது போனா பாயிண்ட் இழுத்துக்கிட்டே விடும், பொறி நோஞ்சானா வரும், பாயிண்டும் கருகும்.

அதனால விடுமுனை. இடைவெளிக்கு விடுமுனை இடைவெளி, அம்பாசடர் பெட்ரோல் இஞ்சினுக்கு சுமார் 0.4 மில்லிமீட்டர். உதவிப் பக்கத்துல எழுதிப் பாத்தேன், வாக்கியம் தடுக்காம ஓடுது: "விடுமுனையில் ஒரு பக்கம் குழியும் எதிர்ப்பக்கம் மேடும் இருந்தால் நைஸ் எமரித் தாளால் தேய்த்து, சுத்தமான காகிதத்தை நடுவில் விட்டு இழுத்துத் துடைக்கவும். கேம் மேல் உரசும் ஃபைபர் தேய்ந்தால் இடைவெளி குறையும், எரிபற்று தாமதமாகும், மேட்டில் வண்டி திணறும்." ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கற மெல்லிசு தகடு) கைல இல்லாதவங்களுக்கு ஒரு தடிச்ச விசிட்டிங் கார்டு வெச்சு செட் பண்ணி வீடு வந்து சேரலாம்னும் சேத்திருக்கேன், அப்புறம் கண்டிப்பா கேஜ் போட்டு பாக்கணும்.

> பிரிமுனை இன்னும் நல்ல தமிழா இருக்கே?

நானும் முதல்ல அதத்தான் யோசிச்சேன். வாய்விட்டு சொன்னப்போ அம்மா "எது, பிரிமணையா?"ன்னு கேட்டாங்க, பானை வைக்கிற பிரிமணை. காதுல அப்படியே விழுது, அதான் விட்டுட்டேன். விடுமுனைய அவசரமா படிச்சா விடுமுறைன்னு கண்ணு தாவுதுங்கறது உண்மை, அத ஒத்துக்கறேன். ஆனா சொல்லும்போது குழப்பம் இல்ல, ஒர்க்‌ஷாப்புல வாயால சொல்ற சொல்லுக்கு அதுதான் முக்கியம்னு தோணுது.

தொடுமுனைன்னு சொன்னவருக்கு: அது ஸ்விட்ச், ரிலே எல்லாத்துக்கும் பொதுவான கான்டாக்டுக்கு அழகா பொருந்தும், அங்க வெச்சுக்குவோம். இங்க வெச்சா நான் பண்ண அதே தப்பான புரிதல்தான் படிக்கறவருக்கும் வரும்.

பிளக்க பிளக்னே விடலாம். தீப்பொறிச் செருகின்னு கேட்டா எந்தக் கடைக்காரரும் எடுத்துக் குடுக்க மாட்டாரு, பிளக்னா எல்லாருக்கும் தெரியும், அந்த பேரு யாரையும் தப்பு வழியில கொண்டுபோகல. டிஸ்ட்ரிபியூட்டருக்கு பகிர்வியா, பழைய மெக்கானிக்குங்க சொல்ற டெல்கோவான்னு தனி இழை ஆரம்பிக்கலாம். டெல்கோங்கறது சார்லஸ் கெட்டரிங்கோட கம்பெனி பேரு, 1910 காடிலாக்குல இந்த பேட்டரி எரிபற்ற கொண்டுவந்தவங்க, கம்பெனி பேரு அப்படியே சாமான் பேரா ஆயிடுச்சு. எனக்கு டெல்கோவ விட மனசில்ல, ஆனா அத இங்க இழுக்கல.

பக்கத்த இன்னும் ஏத்தல. மறுப்பு இருக்கறவங்க ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லுங்க, முக்கியமா பாயிண்ட் வண்டி இன்னும் வெச்சிருக்கறவங்க. அந்தப் பெரியவர்கிட்டயும் விடுமுனைன்னு சொல்லிப் பாக்கப் போறேன், அவரு என்ன சொல்றாருன்னு எழுதுறேன்.