புதுப்பிப்பு: மேடை பயம் பற்றி மூன்று மாதம் முன்பு எழுதியிருந்தேன்

ஆபீஸ் மீட்டிங்கில் பேச எழுந்ததும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, மனப்பாடம் செய்த ஒரு வரி கூட வராமல் உட்கார்ந்துவிட்டேன் என்று எழுதியிருந்தேன் இல்லையா, அதற்கு நிறைய பேர் மேடைப்பேச்சு பழகுகிற டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப்புக்குப் போகச் சொன்னீர்கள். போனேன். 1924-ல் கலிபோர்னியாவில் ரால்ஃப் ஸ்மெட்லி ஆரம்பித்தது, இங்கேயும் வாராவாரம் கூடுகிறார்கள்.

முதல் உரை 4 முதல் 6 நிமிடம், நம்மைப் பற்றியே பேச வேண்டும். நான்காவது நிமிடம் பச்சை, ஐந்தில் மஞ்சள், ஆறில் சிவப்பு காட்டுவார்கள். நான் எத்தனை முறை ‘ஆ...’, ‘அப்புறம்’ என்று இழுத்தேன் என்று எண்ணவே ஒருவர் உட்கார்ந்திருந்தார். முதல் தடவை 17. போன வாரம் 5.

எனக்கு நிஜமாகவே உதவியது சின்ன விஷயங்கள்தான். ஏ4 தாள் கையில் இருந்தால் விரல் நடுக்கம் தாளில் படபடவென்று தெரியும், அதைப் பார்த்தே பயம் இன்னும் ஏறும். அதனால் போஸ்ட்கார்டு அளவுக்குத் தடித்த அட்டையில் நான்கே சொல் எழுதிக்கொள்கிறேன். முழுசாக மனப்பாடம் செய்வதை விட்டுவிட்டேன், முதல் இரண்டு வரி மட்டும்தான். எழுவதற்கு முன் மூச்சை இழுப்பதைவிட மெதுவாக, நீளமாக விடுகிறேன், படபடப்பு கொஞ்சம் இறங்குகிறது.

செவ்வாய்க்கிழமை அதே மீட்டிங் அறையில் பத்து நிமிடம் பேசினேன். தெரியாத கேள்வி ஒன்று வந்தது, “பார்த்துச் சொல்கிறேன் சார்” என்று சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னபோது கண் கலங்கிவிட்டது.

மைக் மட்டும் இன்னும் பழகவில்லை, என் குரலே திரும்பிக் கேட்டால் தடுமாறுகிறேன். அதைத் தாண்டி வந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.