ஹை-வால்யூம் சாம்ப்ளர் எவ்வளவு நேரம் ஓடியது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கேள்வி: காற்றை ஃபில்டர் வழியாக இழுத்துத் தூசியை அளக்கும் ஹை-வால்யூம் சாம்ப்ளரில் 24 மணி நேர மாதிரிக்கு டைமர் வைத்துவிட்டு வருகிறேன். நடுவில் கரண்ட் போயிருந்தால் ஃபில்டரை எடுக்கும்போது தெரிவதில்லை. டைமரில் வைத்த நேரத்தையே பதிவேட்டில் எழுதலாமா?

பதில் 1: தயவுசெய்து வேண்டாம். காற்றின் கன அளவே ஓட்ட விகிதத்தை ஓடிய நிமிடங்களால் பெருக்கித்தான் வருகிறது. 1260 நிமிடம் ஓடியதை 1440 என்று எழுதினால், தூசியின் அடர்த்தி 12.5 சதவீதம் குறைவாக வரும். வயரிங்கில் டைமருக்கு அப்புறம், மோட்டாருக்கு இணையாக ஒரு ஹவர் மீட்டர் (மின்சாரம் வந்த நேரத்தை எண்ணும் மீட்டர்) பொருத்துங்கள். ஃபில்டர் போடும்போது ஒரு ரீடிங், எடுக்கும்போது ஒரு ரீடிங்.

பதில் 2: மீட்டரை வாங்கும்போது ஹெர்ட்ஸைப் (மின்சாரத்தின் அலைவெண்ணை) பாருங்கள். சிங்க்ரனஸ் மோட்டார் மீட்டரின் வேகம் லைனின் ஹெர்ட்ஸைப் பொறுத்தது; 60 ஹெர்ட்ஸுக்கான மீட்டர், 50 ஹெர்ட்ஸ் லைனில் 24 மணி நேரத்துக்கு 20 மணி என்றுதான் காட்டும்.

கேட்டவர்: சரி, மோட்டாருக்குள் மின்சாரத்தைக் கொண்டுபோகும் கார்பன் பிரஷ் தேய்ந்து மோட்டாரே நின்றுவிட்டால்?

பதில் 1: அப்போதும் மீட்டர் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதற்குத் தெரிவது மின்சாரம் மட்டும், காற்று அல்ல. என் பெரிய கவலையே இதுதான். அதனால் காற்றின் ஓட்டத்தை வட்டத்தாளில் பேனாவால் வரையும் ஃப்ளோ சார்ட் ரெக்கார்டரும் வேண்டும். பேனாக் கோடு எந்த மணியில் விழுந்தது என்று வட்டத்தாளிலேயே தெரியும். அந்தத் தாளைத் தூக்கிப் போடாமல் ஃபில்டர் உறையோடு சேர்த்து வையுங்கள்.