பின்பால் எஃப்எக்ஸ்: டிவியில் ஆடினால் மட்டும் ஷாட் எல்லாம் தள்ளிப் போகுது, ஏன்?

வெள்ளிப்பந்து கேட்டது:
லேப்டாப்பை எச்டிஎம்ஐ வழியா 55 இஞ்ச் டிவியில போட்டு பின்பால் எஃப்எக்ஸ் வீடியோ கேம்ல மெடீவல் மேட்னஸ் டேபிள் (பின்பால் மேசை) ஆடுறேன். கன்ட்ரோலர் ப்ளூடூத்ல. லேப்டாப் திரையில ஆடினா பந்து ராம்ப் (சாய்வுப் பாதை) ஏறுது. டிவிக்கு மாறினா மயிரிழையில தப்பிடுது. நடுக் கோட்டையை அடிச்சா பந்து ரெண்டு ஃப்ளிப்பருக்கும் (பந்தை அடிக்கிற கீழ்த் துடுப்பு) நடுவுல நேரா இறங்கித் தொலையுது. காப்பாத்தலாம்னு நட்ஜ் பண்ணா (டேபிளைத் தட்டி அசைச்சா) டில்ட், அதாவது ஓவரா அசைச்சதுக்கு ஃப்ளிப்பர் செத்துடுது. இதுல எது என் கைக் குத்தம், எது டிவி குத்தம்?

டெட்பவுன்ஸ்:
முதல்ல லேக்கான்னு (பட்டன் அழுத்துறதுக்கும் திரையில தெரியுறதுக்கும் நடுவுல தாமதமான்னு) பாத்துடுங்க. வலது ஃப்ளிப்பரைத் தூக்கிப் பிடிச்சு அதுல பந்தை நிறுத்துங்க. விட்டு, உருண்டு வரும்போது கோட்டையைக் குறி வச்சு அடிங்க. அதையே இடது ஃப்ளிப்பர்லயும். பந்து ஃப்ளிப்பரோட அடிப்பக்கம் இருக்கும்போது அடிச்சா அதே பக்கமா மேல போகும். நுனிக்கு வர வர எதிர்ப்பக்கம் சாயும். அதனால வலது ஃப்ளிப்பர் ஷாட் குறிக்கு இடப்பக்கமும், இடது ஃப்ளிப்பர் ஷாட் குறிக்கு வலப்பக்கமும் போனா, ரெண்டுலயும் அடி தாமதமா விழுது. லேப்டாப்ல இது நடக்காம டிவியில மட்டும் நடந்தா, குத்தம் டிவி மேலதான்.

கணக்கு சிம்பிள். 60 ஹெர்ட்ஸ்ல ஒரு ஃப்ரேம் 16.7 மில்லிசெகண்ட். பந்து வினாடிக்கு 2 மீட்டர் வேகத்துல வந்தா, அதுக்குள்ள 3.3 செமீ போயிடும். பந்தோட விட்டமே 2.7 செமீதான். டிவி மூணு ஃப்ரேம் தாமதம்னா 10 செமீ. ஃப்ளிப்பர் நீளம் ஏழரை செமீ சுமார்!

மாத்த வேண்டியது: டிவியில அந்த எச்டிஎம்ஐ போர்ட்டுக்கு கேம் மோட், அதாவது தாமதத்தைக் குறைக்கிற செட்டிங் ஆன் (சில டிவியில ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனித்தனியா போடணும்), அசைவை வழுவழுப்பாக்குற மோஷன் ஸ்மூத்திங் ஆஃப். விண்டோஸ் கீயும் பி-யும் அழுத்தி, டூப்ளிகேட்டுக்குப் பதிலா ரெண்டாவது திரை மட்டும்னு வைங்க. கன்ட்ரோலரை யூஎஸ்பி கேபிள்ல போடுங்க. ஃப்ளிப்பர் கன்ட்ரோலரோட ட்ரிக்கர்ல இருந்தா, அதுக்கு மேல இருக்கிற பம்பர் பட்டனுக்கு மாத்துங்க, ட்ரிக்கர் பாதி தூரம் இறங்குறதுக்குள்ள பந்து போயிடும். கடைசியா கேம் செட்டிங்ல விசிங்க் (படத்தைத் திரையோட ஃப்ரேமுக்கு ஒத்துப்போக வைக்கிறது) ஆஃப். ஒண்ணொண்ணா மாத்தி, ஒவ்வொரு தடவையும் மேல சொன்ன சோதனையைப் பண்ணுங்க. எல்லாத்தையும் ஒரே நேரத்துல மாத்தினா எது வேலை செஞ்சதுன்னே தெரியாது.

தூக்குக்குண்டு:
கோட்டை விஷயத்தில் டிவியைக் குறை சொல்ல முடியாது. 1997-இல் வில்லியம்ஸ் நிறுவனம் வெளியிட்ட அசல் மெஷினிலும் அந்த ஷாட் ஆபத்துதான். மூடிய கதவில் நேராகப் பட்ட பந்து நேராகத்தான் திரும்பும். இதே வடிவமைப்பாளர் பிரையன் எடி 1995-இல் செய்த அட்டாக் ஃப்ரம் மார்ஸிலும் நடு ஷாட் இதே குணம். ஓடி வரும் பந்தை அப்படியே அடிக்காதீர்கள். நிறுத்தி, குறி பார்த்து அடியுங்கள்.

நிறுத்துவதற்கு டெட் பவுன்ஸ் பழகுங்கள். ஃப்ளிப்பரைத் தொடவே வேண்டாம். பந்து ஒரு ஃப்ளிப்பரில் பட்டு எதிர் ஃப்ளிப்பருக்குத் துள்ளும், வேகம் செத்துவிடும், அங்கே பிடித்துக்கொள்ளலாம். நேரம் பார்த்து அழுத்த வேண்டியதில்லை என்பதால் லேக் இருந்தாலும் பலிக்கும். லைவ் கேட்ச்சை (பந்து படும் அந்தக் கணத்தில் ஃப்ளிப்பரைத் தூக்கி நிறுத்துவதை) லேக் உள்ள டிவியில் முயல்வது வீண்.

டில்ட்: அசல் மெஷினுக்குள் ஒரு உலோக வளையத்தின் நடுவே, கொத்தனார் தூக்குக்குண்டு மாதிரி ஒரு கம்பி தொங்கும். வளையத்தைத் தொட்டால் எச்சரிக்கை. முதல் தட்டலில் அது ஆடத் தொடங்கும், ஆடி முடியும் முன் இரண்டாவது தட்டினால் வளையத்தில் இடிக்கும். டிஜிட்டலிலும் அதே பாணிதான். ஒரு தட்டல், பிறகு இரண்டு மூன்று விநாடி கையைக் கட்டிக்கொண்டிருங்கள்.

சும்மா ஆடுறவன்:
என்ன மாத்தினாலும் இடது அவுட்லேன் (பந்து வெளியே போற ஓரப் பாதை) பந்தை இழுக்கும் பாஸ். கேம் ஏமாத்துது.

தூக்குக்குண்டு:
இழுக்கவில்லை. ஃப்ளிப்பருக்கு மேலே உள்ள ஸ்லிங்ஷாட் (பட்ட பந்தை உதைத்துத் தள்ளும் முக்கோண ரப்பர்) பக்கவாட்டில் உதைக்கும் பந்துதான் பெரும்பாலும் அவுட்லேனுக்குப் போகிறது. பந்து கட்டுப்பாட்டில் இல்லாமல் அலைய விட்டால் அந்த உதை கூடும், அவ்வளவே.

ஷிஃப்ட் கீ:
கீபோர்டில் விஷுவல் பின்பால் (கம்ப்யூட்டருக்கான இன்னொரு பின்பால் மென்பொருள்) ஆடுபவர்களுக்கு: இடது, வலது ஷிஃப்ட்தான் ஃப்ளிப்பர், 5-ஆம் எண் கீ காசு போட, 1-ஆம் எண் கீ ஸ்டார்ட், என்டர் ப்ளஞ்சர் (பந்தை ஏவும் கம்பி). ஷிஃப்டை ஐந்து முறை தட்டினால் விண்டோஸின் ஸ்டிக்கி கீஸ் பெட்டி குதிக்கும், மல்டிபால் (பல பந்து ஒரே நேரத்தில் ஓடும் கட்டம்) நடுவே! வலது ஷிஃப்டை எட்டு விநாடி பிடித்தால் ஃபில்டர் கீஸ் பெட்டி. பந்தை நிறுத்தி வைக்கும்போது இது கட்டாயம் வரும். செட்டிங்ஸ், ஆக்சஸிபிலிட்டி, கீபோர்டு போய் இரண்டின் ஷார்ட்கட்டையும் அணைத்துவிடுங்கள்.

இன்னொன்று, டேபிளுக்குக் காசு கொடுக்கும் முன்: லைசென்ஸ் கை மாறும். பின்பால் ஆர்கேட் என்ற வேறொரு கேமில் இருந்த வில்லியம்ஸ், பாலி நிறுவன டேபிள்களின் விற்பனை 2018 ஜூன் 30-உடன் நின்றது. பிறகு அந்த உரிமை பின்பால் எஃப்எக்ஸ் தயாரிக்கும் ஜென் ஸ்டுடியோஸுக்குப் போனது.

வெள்ளிப்பந்து:
சோதனை பண்ணேன். வலது ஷாட் இடப்பக்கம், இடது ஷாட் வலப்பக்கம், அச்சு அசல் சொன்னபடியே. அந்த போர்ட்டுக்கு கேம் மோட் ஆஃப்ல இருந்துச்சு. போட்டதும் ராம்ப் ஏறுது. அவுட்லேன் நட்ஜ் மட்டும் இன்னும் கைவரல.

டெட்பவுன்ஸ்:
பந்து காத்துல இருக்கும்போது தட்டினா பிரயோஜனம் இல்ல. நகர்றது டேபிள்தான், பந்து இல்ல. இன்லேனுக்கும் (பந்தை ஃப்ளிப்பருக்குக் கொண்டுவர்ற பாதை) அவுட்லேனுக்கும் நடுவுல இருக்கிற ரப்பரைப் பந்து தொடுற அந்த நொடில தட்டுங்க.