புதுப்பிப்பு: கன்னர்சைட் கில் ஈயச் சுரங்கங்கள்

இங்கிலாந்தில், யார்க்ஷயரின் ஸ்வேல்டேல் பகுதியில், கன்னர்சைட் கில் என்னும் குறுகலான மலையிடுக்கில் கைவிடப்பட்ட ஈயச் சுரங்கங்களைப் பற்றிய என் முந்தைய இழையில், சரிவுகளில் தெரியும் ஆழமான வெட்டுகள் இயற்கையானவையா என்று ஒருவர் கேட்டிருந்தார். அவை பெரும்பாலும் மனிதர் செய்தவையே: மேட்டில் புல்மண்கட்டிகளால் அணை கட்டி, தேங்கிய நீரை ஒரே மூச்சில் திறந்துவிட்டு, மேல்மண்ணை அரித்தெடுத்துத் தாதுப் படிவத்தை வெளிக்கொணர்ந்தார்கள். அதே மலையிடுக்கில் 1864-இல் குடையத் தொடங்கிய சர் பிரான்சிஸ் சுரங்கவழியில், பின்னாளில் அழுத்தக் காற்றால் இயங்கும் துளைப்பான்கள் வந்தன. அங்கே ஆழத்திலிருந்து நீரை இறைக்க நிறுவிய நீரழுத்த இயந்திரம் இன்றும் உள்ளேயே நிற்கிறது. சரிவின் வெட்டுகளைவிட எனக்கு அதுதான் பெரிய வியப்பு. ஸ்பெயினின் மலிவான ஈயத்தால் விலை சரிந்து சுரங்கங்கள் மூடப்பட்டதும், பல குடும்பங்கள் லங்காஷயர் பஞ்சாலைகளுக்கும் டர்ஹாம் நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் பிழைப்புத் தேடிப் போயின.