புதுப்பிப்பு: அண்ணனின் முடிப் பரிசோதனை

ஹட்டனில் பழைய பெற்றரிகளைப் பிரித்துத் திருத்தும் கடையில் வேலை செய்யும் என் அண்ணனின் உடலில் ஈயம் சேர்ந்திருக்கிறதா என்பதை முடியைக் கொண்டு அறியலாமா எனச் சென்ற மாதம் கேட்டிருந்தேன். அதன் தொடர்ச்சி இது.

பிடரியில் தோலையொட்டி வெட்டிய முடியைக் கொழும்புக்கு அனுப்பினோம். முடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 சென்ரிமீற்றர் வளர்வதால், வேர்ப்பக்கத்து 3 சென்ரிமீற்றர் கடந்த மூன்று மாதங்களைக் காட்டும் என்பது கணக்கு. அறிக்கையில் ஈயம் மிகுதியாகவே இருந்தது. ஆனால், ஈயத்தூளுக்குள் நாள் முழுதும் நிற்பவரின் முடியில் வெளியிலிருந்து படிந்ததையும் இரத்தத்தின் வழியே உள்ளிருந்து வந்ததையும் எவ்வளவு கழுவினாலும் நம்பகமாகப் பிரித்தறிய முடியாது என்று கூறிய வைத்தியர், நாளத்திலிருந்து இரத்தம் எடுத்துப் பரிசோதிக்கச் சொன்னார். மீனின் மூலம் சேரும் மெதைல் பாதரசத்துக்கு முடி நல்ல சாட்சிதான், ஈயத்துக்கு அப்படியில்லை.

இரத்தத்தில் 100 மில்லிலீற்றருக்கு 31 மைக்ரோகிராம் இருந்தது. 5ஐ எட்டினாலே மூலத்தைக் கண்டறிந்து விலக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டல். முடி அறிக்கையோடு வந்த, ‘நச்சு நீக்கும்’ மாத்திரைகளின் விளம்பரத்தை அம்மா அடுப்பில் போட்டுவிட்டார், அதுவே சரி.

அண்ணன் இப்போது ஈயம் உருக்கும் பக்கம் போவதில்லை. வேலை உடுப்பையும் கடையிலேயே மாற்றிவிட்டு வருகிறார். அந்த உடுப்பை இதுவரை லயத்துப் பீலியடியில் துவைத்துவந்த அண்ணிக்கும், பிள்ளைகள் இருவருக்கும் அடுத்த வாரம் இரத்தப் பரிசோதனை.