காவல் மரண விசாரணை அறிக்கைகளைப் பெறுவது எப்படி?

அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம். மூன்று வருடம் திருநெல்வேலியில் கிரிமினல் பிராக்டிஸ் பார்த்துவிட்டு இப்போது எல்எல்எம் படிக்கிறேன். குற்றவியல் நீதியும் மனித உரிமையும் என் பாடப்பிரிவு.

ஆய்வேட்டுக்கு, காவலில் ஒருவர் இறந்தால் மாஜிஸ்திரேட் நடத்தும் விசாரணையை எடுத்திருக்கிறேன். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது பிரிவு 176(1ஏ). 2024 ஜூலை 1 முதல், அதற்குப் பதிலாக வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்தில் பிரிவு 196(2). 2020இல் சாத்தான்குளம் வழக்கில் கோவில்பட்டி மாஜிஸ்திரேட் ஸ்டேஷனுக்கே நேரில் போய் விசாரித்து உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு அனுப்பிய அறிக்கையைப் பற்றிப் படித்ததிலிருந்து இந்தப் பிரிவு என் மனதை விட்டுப் போகவில்லை. இந்தியா சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் 1997இல் கையெழுத்திட்டும் இன்னும் ஏற்புறுதி செய்யாத நிலையில், குடும்பங்களுக்கு இந்த விசாரணைதான் பெரிய பிடிமானம்.

சிக்கல் என்னவென்றால், மற்ற வழக்குகளின் அறிக்கைகள் கிடைக்கவில்லை. ஆர்டிஐ போட்டேன், பிரிவு 8(1)(எச்), அதாவது புலன்விசாரணைக்கோ வழக்குக்கோ தடையாகும் தகவல் என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். இதை மேல்முறையீட்டில் யாராவது வென்றிருக்கிறீர்களா? வழக்கில் தரப்பினராக இல்லாதவர் நகல் மனு போட்டால் நீதிமன்றம் தருமா? அப்புறம், இறந்தவர் குடும்பத்துக்கு ஆஜரான வக்கீல்கள் பேசச் சம்மதித்தால், பெயர்களை மறைத்தே எழுதுவேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள், நானே நேரில் வருகிறேன்.