பழைய ஹாலிவுட் ஸ்பை காதல் படங்கள்: இன்னும் மனசுல ஒட்டிக்கிட்டு இருக்கற சீன் ஒண்ணு சொல்லுங்க

பழைய ரீல்

நேரா விஷயத்துக்கு வந்துடறேன். போன ஞாயித்துக்கிழமை நானும் வீட்டம்மாவும் 'டிஸ்ஹானர்ட்' பாத்தோம். 1931, ஸ்டெர்ன்பெர்க் படம், மார்லீன் டீட்ரிக். கதை உங்களுக்கே தெரியும், முதல் உலகப் போர் டைம், ஆஸ்திரியா பக்கம் இவ எக்ஸ்-27ங்கற உளவாளி, ரஷ்யா பக்கம் கர்னல் க்ரானாவ், இவ அவன ஏமாத்த அவன் இவள மடக்கன்னு படம் பூரா ஓடும். கடைசில அவன் ஆஸ்திரியாக்காரங்க கிட்ட மாட்டிக்கிறான். நான் தனியா விசாரிக்கிறேன்னு இவ கேட்டு வாங்கிக்கிறா. ரூம்ல ரெண்டே பேர், பேச்சு போயிட்டே இருக்கு, இவ துப்பாக்கி கீழ விழுது, அவன் எடுத்துக்கிட்டு தப்பிச்சிடறான். அவன விட்டதுக்கு இவளுக்கு மரண தண்டனை.

நான் "வேணும்னே கீழ போட்டுட்டா பாரு"ன்னேன். அவ "போடல, விழுந்துச்சு"ன்னா. மூணு தடவ ரிவைண்ட் பண்ணி பாத்தோம். நான் அவ மூஞ்சியப் பாருன்னேன், அவ நீங்க மூஞ்சியவே பாருங்கன்னா. அப்புறம் "பொம்பள எது பண்ணாலும் பிளான் போட்டுத்தான் பண்ணுவான்னு உங்களுக்கு நெனப்பு"ன்னு ஒரு போடு போட்டா பாருங்க, நான் ரிமோட்ட வெச்சிட்டேன். நாலு நாளாச்சு. சாம்பார்ல உப்பு கம்மியாவே வருது. போட்டாளா, விழுந்துச்சா, யாராவது சொல்லுங்கப்பா. அப்படியே உங்க அனுபவத்தையும் எழுதுங்க.

கடுங்காப்பி

போட்டுட்டா. இதுல என்ன சந்தேகம்.

எனக்கு 'மாட்டா ஹாரி'. அதுவும் 1931தான், கிரேட்டா கார்போ. தொண்ணூறுகள்ல கேபிள் பாத்தவங்களுக்குத் தெரியும், ஒரு நேரத்துக்கு மேல கார்ட்டூன் நெட்வொர்க் அப்படியே டிஎன்டிங்கற பழைய பட சேனல் ஆயிடும். டாம் ஜெர்ரிய தொரத்திட்டு இருந்த இடத்துல திடீர்னு கருப்பு வெள்ளையில கோட்டு சூட்டு போட்ட ஆளுங்க வந்து நிப்பாங்க. அப்பா எழுந்து ஆஃப் பண்ணிடுவார். அன்னிக்கு அவர் ஊர்ல இல்ல. நான், தங்கச்சி, பாட்டி மூணு பேர்.

அந்த ரஷ்ய லெஃப்டினென்ட் ரூம்ல மாதா படத்துக்கு முன்னாடி ஒரு விளக்கு எரியும்ல, அணைய விடமாட்டேன்னு அம்மாவுக்கு வாக்கு குடுத்திருப்பான். அவன் கிட்ட இருக்கற ரகசியத்த எடுக்க வந்தவ இவ, என் மேல ஆசை இருந்தா அத அணைங்கறா. பாட்டிக்கு இங்கிலீஷ் ஒரு வார்த்த தெரியாது, ஆனா விளக்க காட்டினதுமே புரிஞ்சிடுச்சு, தட்டுல பிசைஞ்ச கை அப்படியே நிக்குது. "என்னடா சொல்றா?" "விளக்க அணைக்கச் சொல்றா பாட்டி." அதுக்கு என்னைத்தான் திட்டினாங்க, "அணைக்கறதுன்னு சொல்லாத, குளிர வெக்கறதுன்னு சொல்லு." அங்க அவன் குளிர வெச்சிட்டான். பாட்டி "இனி அவன் உருப்படமாட்டான்"னு எழுந்து கை கழுவப் போயிட்டாங்க.

அவனுக்குப் பின்னாடி பிளேன் விழுந்து கண்ணு போயிடும். காலைல சொன்னேன். "நான் சொல்லல?"ன்னு கேட்டுட்டு மோர் கடைய ஆரம்பிச்சிட்டாங்க. இப்பவும் நான் ராத்திரி சாமி விளக்க பூவால ஒத்தி குளிர வெக்கறப்ப அந்த லெஃப்டினென்ட்டா நடிச்ச ரமோன் நவாரோ மூஞ்சி வந்துட்டுப் போகும், என்ன பண்றது.

லாஜிக் லோகு

படத்த அனுபவிச்சதெல்லாம் சரி, ஆனா நிஜம் என்னன்னு தெரிஞ்சிக்காம பேசறது எனக்கு செட் ஆகாது. என் அனுபவம் சின்னது, காலேஜ் ஃபிலிம் கிளப்ல இந்த 'மாட்டா ஹாரி'ய போட்டாங்க, முடிஞ்சதும் நான் எழுந்து தப்பு தப்பா எடுத்திருக்காங்கன்னு சொன்னேன், எல்லாரும் உக்காருடான்னு கத்தினாங்க. அன்னிக்கு சொல்ல விடாதத இங்க சொல்றேன்.

மாட்டா ஹாரி பேரு மார்கரெட்டா ஜெல்லே. 1876ல நெதர்லாந்து லீவார்டன்ல பொறந்தவங்க. டச்சு ராணுவ ஆபீசரக் கட்டிக்கிட்டு ஜாவா போயி, கல்யாணம் முறிஞ்சு, பாரிஸ் வந்து 1905ல கிமே மியூசியத்துல ஆடி ஒரே நாள்ல ஃபேமஸ் ஆனவங்க. மாட்டா ஹாரின்னா மலாய் மொழியில சூரியன். படத்துல வர்ற அந்தக் குருட்டு ரஷ்யன் முழுக்க கப்சா இல்ல, வாடிம் மாஸ்லோவ்னு இவங்கள விட ரொம்ப சின்ன வயசு ரஷ்ய ஆபீசர் ஒருத்தர் நெஜமா இருந்தார், போர்ல கண்ணுல அடிபட்டவர். அவரோட செட்டில் ஆகப் பணம் வேணும்னுதான் பிரான்ஸ் உளவுத்துறைக்கு வேலை பாக்க ஒத்துக்கிட்டாங்க. அதே பிரான்ஸ், நீ ஜெர்மனி ஆளு, உன் நம்பர் எச்-21ன்னு சொல்லி 1917 அக்டோபர் 15 காலைல வின்சென்ல சுட்டாங்க. கண்ணக் கட்ட வேணாம்னுட்டாங்க அந்தம்மா. அவங்க பெருசா என்ன ரகசியம் கடத்தினாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் சண்டை ஓயல. படத்துல என்னடான்னா கொலையெல்லாம் பண்றாங்க.

இன்னொண்ணு, இது நம்ம ஆளுங்க கட்டாயம் தெரிஞ்சுக்கணும். பாரிஸ்ல அந்தம்மா விட்ட கதை என்னன்னா, நான் தென்னிந்தியாவுல மலபார் கரையில யாழ்ப்பாணப்பட்டினம்ங்கற புண்ணிய ஊர்ல பொறந்தேன், எங்கம்மா கந்தசாமி கோவில்ல ஆடினவன்னு. யாழ்ப்பாணம், மலபார்ல! பாரிஸே நம்பியிருக்கு.

நல்லூரடி

லோகு அண்ணை, இத வாசிச்சிட்டு தனிய இருந்து சிரிச்சுக் கொண்டிருக்கிறன். எங்கட வீட்டில இருந்து கோயில் மணி கேக்கும். எங்கட கந்தசாமி கோயிலைத் தூக்கிக் கொண்டுபோய் மலபாரில வைச்சிட்டா எண்டு அம்மாட்டச் சொன்னன், "திருவிழாவுக்கு வாற சனம் என்ன செய்யிற" எண்டு கேட்டவ.

எனக்கு 'டார்க் ஜேர்னி', 1937. அது ஹாலிவுட் இல்லை, லண்டன்ல எடுத்த படம் எண்டு ஆரும் சண்டைக்கு வராதேங்கோ, எனக்கும் தெரியும். டொரண்டோவில லைப்ரரில டிவிடி எடுத்து அம்மாவோட இருந்து பாத்தது. விவியன் லீ ஸ்டாக்ஹோம்ல உடுப்புக்கடை வைச்சிருப்பா, பாரிஸ்ல இருந்து கொண்டு வாற கவுனுக்குள்ள தகவல் ஒளிச்சுக் கொண்டு வருவா. ஜேர்மன்காரர் தங்கட ஆள் எண்டு நினைச்சுக் கொண்டிருப்பினம், உண்மையில பிரான்ஸ் ஆள். அந்த ஜேர்மன் உளவுத் தலைவனா கொன்ராட் வைட். ரெண்டு பேருக்கும் விருப்பம் வந்திடும்.

அம்மா நல்லாத் தைப்பா. கவுனைக் கண்டவுடனே அவ கதையை விட்டிட்டா. "95ல ஊரை விட்டு வெளிக்கிடேக்க பாவாடையின்ர கீழ் மடிப்பைப் பிரிச்சு தாலிக்கொடியை உள்ளுக்கு வைச்சு ரெட்டைத் தையல் போட்டனான், நடக்க நடக்க காலில அடிச்சுக் கொண்டே வந்தது" எண்டு திரையைப் பாத்தபடியே சொன்னா. அதுக்கு முதல் இந்தக் கதையை எனக்குச் சொன்னதே இல்லை. படத்தில பிறகு என்ன நடந்தது எண்டு எனக்கு வடிவா ஞாபகமில்லை.

மல்லி எக்ஸ்பிரஸ்

கார்போ படம்னா எனக்கு 'தி மிஸ்டீரியஸ் லேடி', 1928. ஹாஸ்டல்ல லைட் ஆஃப் பண்ணினப்புறம் போர்வைக்குள்ள லேப்டாப். பத்து நிமிஷம் சத்தமே வரல, ஹெட்செட் போச்சுன்னு பக்கத்து பெட்காரியோடத புடுங்கி மாட்டினேன், அதுலயும் வரல, அப்புறந்தான் மரமண்டைக்கு ஒறச்சிது இது ஊமைப்படம்னு. எனக்குக் கெடைச்ச காப்பில மியூசிக்கும் இல்ல.

கார்போ ரஷ்ய ஸ்பை, அவன் ஆஸ்திரியா ஆபீசர், காதலிச்சிக்கிட்டே அவன் பேப்பர திருடிட்டுப் போயிடறா. கடைசில அவன காப்பாத்த தன்னோட மேலதிகாரியையே சுட்டுடுவா. வெளிய ஆளுங்க வர்றாங்க. இவ என்ன பண்றா, நாற்காலில செத்துக் கெடக்கறவன் மடியிலயே ஏறி உக்காந்து அவன கொஞ்சற மாதிரி நடிக்கிறா. அய்யோ. சத்தமும் இல்ல, இருட்டு, நான் போர்வைக்குள்ள. அந்த நேரம் பாத்து வார்டன் டார்ச் அடிச்சாங்க. நான் போட்ட கத்து மூணு மாடிக்குக் கேட்டுச்சாம்.

அந்தச் செத்த ஆளா நடிச்சவர்தான் 'டிஸ்ஹானர்ட்'ல எக்ஸ்-27அ வேலைக்கு எடுக்கற தலைவர், குஸ்தாவ் வான் சைஃபர்டிட்ஸ். அவர அதுல பாத்ததும் எனக்கு அந்த நாற்காலி ஞாபகம் வந்து, அந்தப் படத்தையும் ஒழுங்கா பாக்க முடியல.

வடகரை வாத்தி

எல்லாரும் கார்போ டீட்ரிக்னு போயிட்டீங்க, நம்ம 'அந்த நாள்' யாருக்கும் ஞாபகம் வரல. 1954, ஏவிஎம், எஸ். பாலசந்தர் டைரக்‌ஷன், பாட்டே கிடையாது. 1943ல ஜப்பான்காரன் மெட்ராஸ்ல குண்டு போட்டது நெஜம், அதுல ஆரம்பிக்கும் கதை. சிவாஜி ஜப்பானுக்கு உளவு பாக்கற ரேடியோ இன்ஜினியர், பண்டரிபாய் நாட்டுப்பற்று உள்ள பொண்டாட்டி. எதிரெதிர் ஸ்பை இல்லதான், ஆனா எதிரெதிர் பக்கம், ஒரே வீடு. நான் சின்னப் பையனா டிவில பாத்தேன். சிவாஜி கெட்டவன்னு தெரிஞ்சதும் எங்கப்பா எழுந்து வாசல்ல போயி நின்னுட்டார், அவ்வளவுதான் என் அனுபவம்.

இப்ப பழைய ரீல் தம்பிக்கு ஒண்ணு. பொண்டாட்டியோட படம் பாக்கறப்ப ரிவைண்ட் பண்ணவே கூடாது தம்பி. முப்பத்தோரு வருஷ அனுபவத்துல சொல்றேன். அவங்க விழுந்துச்சுன்னா விழுந்துச்சு. அதுலயும் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி படம் போடறது பெரிய தப்பு. சாப்பிட்டு, பாத்திரம் கழுவி வெச்சு, முடிஞ்சா நீங்களே கழுவி வெச்சு, அப்புறம் போடணும். உப்பு கம்மின்னா ஊறுகாய் தொட்டுக்கோங்க, வாயத் தொறந்து சொல்லாதீங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை காமெடி படம் போடுங்க. ஸ்பை படமே வேணாம், ஏன்னா அதுல யாராவது யாரையாவது ஏமாத்திட்டே இருப்பாங்க, அந்தப் பேச்சு எங்க போயி முடியும்னு சொல்ல முடியாது. எங்க வீட்ல 1998ல ஆரம்பிச்ச பேச்சு ஒண்ணு இன்னும் முடியல.

பழைய ரீல்

சார் நான் துப்பாக்கியப் பத்தித்தான் கேட்டேன்.

சாம்பிள் பேக்

நான் மெடிக்கல் ரெப்பா இருந்தவன். 'நோட்டோரியஸ்' பத்தி யாரும் எழுதலையா? 1946, ஹிட்ச்காக், ரியோ டி ஜெனிரோ. இன்கிரிட் பெர்க்மன் அமெரிக்காவுக்காக வேவு பாக்க நாஜி கும்பல்ல இருக்கற செபாஸ்டியனையே (க்ளாட் ரெய்ன்ஸ்) கல்யாணம் பண்ணிக்குவாங்க. பாட்டில்ல ஒயினுக்கு பதிலா யுரேனியம் மண்ணு, உள்ளங்கையில அந்தச் சாவி, எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஒரு முத்தம் மூணு செகண்டுக்கு மேல போகக் கூடாதுன்னு சென்சார்ல கெடுபிடி, அதுக்காக அமெரிக்க ஏஜென்ட்டா வர்ற ஹீரோ கேரி கிராண்டும் அவங்களும் விட்டு விட்டு, பேசிக்கிட்டே, போன் பண்ணிக்கிட்டே ரெண்டரை நிமிஷம் ஓட்டிடுவாங்க.

லோகு வந்து காதலிக்கற ரெண்டு பேரும் ஒரே பக்கம்தானேம்பார். எதிர்ப்பக்கம் இருந்து நெஜமா காதலிச்சவன் செபாஸ்டியன் ஒருத்தன்தான் சார். அவன யாரும் ஹீரோன்னு சொல்றதில்ல.

டாக்டர் வீட்டு வாசல்ல பெஞ்சுல உக்காந்து காத்திருந்த காலத்துல எதிர்க் கம்பெனி பொண்ணு ஒண்ணு எதிர் பெஞ்சுல உக்காரும். அதே வலி மாத்திரை, வேற பேரு. பேசிப் பழகி, எந்த டாக்டர் எப்ப ஃப்ரீ, யாருக்கு என்ன புடிக்கும்னு நான் எல்லாத்தையும் ஒப்பிச்சேன். என் மாச டார்கெட் பாதிக்கு வந்துடுச்சு. ஒரு நாள் மழையில கிளினிக் வாசல்ல நிக்கறேன், அவங்க ஏரியா மேனேஜர் கார் வந்துச்சு, ஏறினா, நானும் பஸ் ஸ்டாப் வரைக்கும் வரலாம்ல அப்படின்னு கதவுல கைய வெச்சேன். லாக்.

படத்துல கடைசில செபாஸ்டியன் அந்தக் கார் கதவுகிட்ட நின்னு கெஞ்சுவான், பின்னாடி படிக்கட்டு மேல அவன் ஆளுங்க காத்திட்டு இருப்பாங்க. அன்னி வரைக்கும் நான் என்னை கேரி கிராண்ட்னு நெனச்சிட்டு இருந்தேன் சார். நான் க்ளாட் ரெய்ன்ஸ்.

லாஜிக் லோகு

நான் அப்படிச் சொல்லவே வரல. ஆனா நீங்களே சொன்னதால சொல்றேன், ரெண்டு பேரும் ஒரே பக்கம்தான்.

பழைய ரீல் வீட்டம்மா

வணக்கம். ரெண்டாவது படுக்கை ரூம்ல உக்காந்து மணிக்கணக்கா யாருக்கு டைப் பண்றார்னு பாத்தா இங்கதானா.

உப்பு கம்மி இல்ல. பிபி செக் பண்ணப்ப டாக்டர் கொறைக்கச் சொன்னார். இவரும் பக்கத்துலதான் உக்காந்திருந்தார்.

நாலு நாளா துப்பாக்கி துப்பாக்கின்னு பேசறார், அந்தப் படத்துல எனக்குத் தூக்கம் வராம பண்ணின சீன் இவருக்கு ஞாபகமே இல்ல. சுடறதுக்குக் கூட்டிட்டுப் போக ஒரு சின்னப் பையன் ஆபீசர் வருவான். இவ கண்ணாடி கேப்பா, அவன் கிட்ட இருக்காது, வாள உருவி நீட்டுவான். அந்த வாள்ல மூஞ்சியப் பாத்து சரி பண்ணிக்குவா. அப்புறம் வெளிய வரிசையா துப்பாக்கியோட சிப்பாய்ங்க, கண்ணக் கட்ட துணி குடுக்கறான், அவ அதால அவன் கண்ணத் தொடச்சு விடறா. அந்தப் பையனால முடியல, வாள வீசிட்டு பொம்பளையச் சுட மாட்டேன்னு கத்தறான். அவன் கத்திட்டு இருக்கான், இவ என்ன பண்றா? லிப்ஸ்டிக் போட்டுக்கறா. ஸ்டாக்கிங்ஸ இழுத்து விட்டுக்கறா. வேற ஒருத்தன் வந்து அந்த எடத்துல நிக்கற வரைக்கும் அவளுக்குக் கெடைச்ச நேரம் அவ்வளவுதான், அத அப்படிச் செலவு பண்றா. அந்த நேரத்துல இவர் எழுந்து தண்ணி குடிக்கப் போயிட்டார்.

வாத்தியார் சார், பாத்திரம் கழுவற ஐடியா நல்லா இருக்கு, நன்றி.

துப்பாக்கி விழுந்துச்சுதான்.